பழைய மாடல் ரயிலை வாங்கி ஓட வைப்பது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

என்னுடைய முதல் பழைய என்ஜினை வாங்கி ஓட வைப்பதற்குள் எட்டு மாதம் ஆகிவிட்டது. அதில் நான் உட்கார்ந்து வேலை பார்த்தது நாலு சாயங்காலம்தான். மற்ற நாளெல்லாம் தபாலுக்கும் சுங்கத்துக்கும் காத்திருப்பதிலும், தப்பாக வாங்கிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் வேறொன்று தேடுவதிலும், நானே கெடுத்துவிட்ட காந்தத்துக்கு மறுபடி உயிர் கொடுப்பவரைக் கண்டுபிடிப்பதிலும் போயின. எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. நீங்கள் அந்த எட்டு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வது பெரும்பாலும் 1920களிலிருந்து 1970கள் வரை வந்த மின்சார மாடல்களுக்குப் பொருந்தும். சாவி கொடுத்து ஓடும் வண்டிகளுக்கு மின்சாரப் பகுதியைத் தாண்டிப் படியுங்கள்.

1. பிராண்டுக்கு முன்னால் தண்டவாளத்தையும் மின்சாரத்தையும் முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் என்ஜின் அழகைப் பார்த்து வாங்கிவிட்டு, அப்புறம் அதற்குத் தண்டவாளம் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதலில் அகலம். இரண்டு வெளித் தண்டவாளங்களின் உள்பக்கத்துக்கு நடுவே அளந்தால் ஓ கேஜ் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர், எஸ் கேஜ் 22.5, எச்ஓ 16.5, என் கேஜ் 9. பிரிட்டனின் ஓஓ மாடல்களும் அதே 16.5 தண்டவாளத்தில்தான் ஓடும். ஆனால் அவை 1:76 அளவு, எச்ஓ 1:87. இரண்டையும் ஒரே ரயிலில் கோத்தால் ஓடும், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது பொருந்தாமல் தெரியும்.

அடுத்தது மின்சாரம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். "மூன்று தண்டவாளம் என்றால் ஏசி, இரண்டு என்றால் டிசி" என்று எங்கோ படித்து நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறு. அமெரிக்க நிறுவனமான லயனலின் ஓ கேஜ் மூன்று தண்டவாளம் (நடுவில் இருப்பது மின்சாரத்துக்கு), ஏசி. ஜெர்மன் நிறுவனமான மார்க்லினின் எச்ஓவும் ஏசிதான். அதில் நடுத் தண்டவாளம் பிற்காலத்தில் வெறும் புள்ளிகளாகக் கட்டைகளுக்குள் ஒளிந்துகொண்டது. ஆனால் 1938இல் பிரிட்டனில் வந்த ஹார்ன்பி டப்ளோ மூன்று தண்டவாளத்தில் ஓடினாலும் 12 வோல்ட் டிசி. எதிர்ப்பக்கம் பார்த்தால், போருக்குப் பிந்தைய அமெரிக்கன் ஃப்ளையர் எஸ் கேஜ் இரண்டே தண்டவாளம், ஆனால் ஏசி.

டப்ளோ மாதிரி நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாருக்கு ஏசி கொடுத்தால் அது உறுமும், சூடாகும், சுற்றாது. காந்தமும் வலுவிழக்கும். நான் கெடுத்தது அப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் மின்சாரம் கொடுக்காமல் ஒரு சிறு இரும்பு ஊசியை மோட்டார் அருகே கொண்டுபோங்கள். ஊசி இழுக்கப்பட்டால் நிரந்தரக் காந்தம், அதாவது டிசி மட்டும். இழுக்காவிட்டால் கம்பிச்சுற்றுக் காந்தமாக (மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தமாவது, ஏசியில் ஓடும்) இருக்கவே வாய்ப்பு அதிகம். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: 1950இலிருந்து லயனல் பல என்ஜின்களில் சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்வதற்காகவே காந்தம் வைத்தது. அங்கே ஊசி சக்கரத்திலும் அச்சிலும் ஒட்டும், ஆனால் மோட்டார் ஏசிதான். எனவே ஊசியை மோட்டாரின் உடலுக்கு அருகே பிடிக்க வேண்டும். மாடல் எண்ணை வைத்துப் பழைய கையேட்டில் சரிபார்த்துவிடுவது இதைவிடப் பத்திரம்.

இன்னும் இரண்டு பொறிகள். மார்க்லின் ஏசி என்ஜினின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று மின்காப்பு இல்லாதவை. சாதாரண இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் உடனே ஷார்ட் ஆகும். லயனல் வாங்குகிறவர்கள் வளைவையும் பாருங்கள்: ஓ என்றும் ஓ27 என்றும் இரண்டு வகைப் பாதைகள் உண்டு. அகலம் ஒன்றே. ஆனால் ஒன்றின் வட்டம் ஏறத்தாழ 31 அங்குல விட்டம், மற்றதன் வட்டம் 27. தண்டவாளத்தின் உயரமும் வேறு. பெரிய என்ஜின்கள் 27 அங்குல வளைவில் திரும்பாது.

2. பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய படங்கள்

விற்பவரிடம் "நல்ல நிலையில் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். படமாகக் கேளுங்கள். நான் இப்போது எப்போதும் கேட்பவை: அடிப்பக்கம், சக்கரங்கள் நெருக்கத்தில், இரண்டு முனைகள், பேட்டரி வைக்கும் இடம், அப்புறம் உடல்மீது நேரான ஸ்கேலை வைத்துப் பக்கவாட்டில் எடுத்த படம்.

ஸ்கேல் எதற்கென்றால், துத்தநாகச் சிதைவைக் கண்டுபிடிக்க. பழைய வார்ப்புகள் பல துத்தநாகக் கலவையில் செய்தவை. அந்தக் காலத்தில் அதில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், பத்துப் பதினைந்து வருடம் கழித்தோ ஐம்பது வருடம் கழித்தோ உலோகம் உள்ளிருந்தே அரித்து, வீங்கி, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட கால மாடல்களில் இது அதிகம். வளைந்த உடல், முனைகளில் மெல்லிய விரிசல், வட்டம் கெட்ட சக்கரம், திருகைக் கழற்றியும் வெளியே வராத சட்டகம், இவைதான் அடையாளங்கள். இதற்கு மருந்து கிடையாது. பசை போட்டாலும் பெயின்ட் அடித்தாலும் நிற்காது. பக்கத்தில் இருக்கும் மாடலுக்குத் தொற்றாது என்பது மட்டும் ஆறுதல். புகழ்பெற்ற மாடல்களுக்குப் புதிதாக வார்த்த சக்கரமும் சட்டகமும் கிடைக்கலாம், அரிய மாடல்களுக்கு இல்லை. ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

பேட்டரி இடம் ஏன்? லயனலின் சில டீசல் என்ஜின்களில் ஹார்ன் ஒலிக்க உள்ளே டி அளவு பேட்டரி ஒன்று வேண்டும். யாரோ ஒருவர் அதை எடுக்காமலே பரணில் போட்டிருப்பார். கசிந்து அடித்தகடே அரித்துப் போயிருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது.

"சோதித்தது, ஓடுகிறது" என்ற வரிக்கு அர்த்தம் விற்பவருக்கு விற்பவர் மாறும். சிலர் இரண்டு கம்பியைத் தொட்டுச் சக்கரம் துடித்ததைப் பார்த்துவிட்டே எழுதுவார்கள். பாதையில் இரண்டு திசையிலும் ஓடும் காணொளி ஒன்று கேளுங்கள். தர மறுப்பவர் நேர்மையற்றவர் என்று சொல்லவில்லை. அவரிடம் பாதையே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் ஓடாத பொருளின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

தரக்குறியீட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். சேகரிப்பாளர்கள் சி-1 முதல் சி-10 வரை போடுகிறார்கள், 10 என்பது புத்தம் புதிதுக்கு. அது தோற்றத்தைப் பற்றியது. சி-8 என்று போட்ட என்ஜினின் மோட்டார் இறந்து கிடக்கலாம். சி-5 என்ஜின் அழகாக ஓடலாம். ஓட்டுவதற்கு வாங்குகிறீர்கள் என்றால் கீறல் விழுந்த, ஆனால் முழுமையான என்ஜினைத்தான் பரிந்துரைப்பேன். அதைத் தயக்கமில்லாமல் கழற்றலாம்.

விற்பவர் சொல்லும் வருடத்தை இணைப்புக் கொக்கியை வைத்துச் சரிபார்க்கலாம். லயனலில் மூடிய விரல் மாதிரியான கொக்கி 1945இல்தான் வந்தது. 1942இல் போருக்காக உற்பத்தி நின்றுவிட்டது. ஆக, "1938 மாடல்" என்று சொல்லும் பெட்டியில் அந்தக் கொக்கி இருந்தால் ஒன்று பின்னால் மாற்றியிருக்கிறார்கள், அல்லது வருடம் தப்பு. ஹார்ன்பி டப்ளோவில் இரண்டு தண்டவாள மாடல்கள் 1959இல்தான் வந்தன. இன்னொன்று: அசல் அட்டைப்பெட்டிகளுக்கு நகல்கள் தாராளமாக விற்கின்றன. பெட்டிக்காக அதிகம் கொடுப்பதென்றால் மடிப்புகளின் உள்பக்கத்தைப் படமெடுத்துக் கேளுங்கள். புது அட்டை உள்ளே வெளுப்பாகவும் ஓரம் கூர்மையாகவும் தெரியும்.

3. மொத்தச் செலவை முதல் நாளே எழுதிப் பாருங்கள்

என் கணக்கு: கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் என்ஜினுக்குப் போகக் கூடாது. மீதிப் பாதியில் தபால், வரி, தண்டவாளம், மின்வழங்கி, மோட்டாருக்குள் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ், ஸ்பிரிங், எண்ணெய் எல்லாம் அடங்க வேண்டும். ஓ கேஜ் வார்ப்பு என்ஜின் கனமானது. நாடு கடந்து வந்தால் தபால் செலவே பொருளின் விலையைத் தொடலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் மோசம், உள்ளே முழுக்க இரும்பும் செம்பும். லயனல் இசட்டபிள்யூ போன்ற 275 வாட் பெட்டியைக் கடல் தாண்டி வரவழைப்பதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

4. வெளிநாட்டிலிருந்து வந்தால்: காகிதங்கள்

பணம் கட்டிய பற்றுச்சீட்டு, விற்பனைப் பக்கத்தின் படம், விற்பவரோடு பேசிய செய்திகள் மூன்றையும் அன்றே சேமித்து வையுங்கள். விற்பனைப் பக்கம் சில வாரங்களில் மறைந்துவிடும். சுங்கம் கேள்வி கேட்பது அதற்கப்புறம்தான்.

தபாலில் வரும் பொருளில் சுங்க அறிவிப்புப் படிவம் ஒட்டியிருக்கும்: குறைந்த மதிப்புக்கு சிஎன் 22, அதற்கு மேல் சிஎன் 23. விற்பவர் அதில் என்ன எழுதுகிறார் என்பதை அனுப்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். உலகம் முழுதும் பயன்படும் சுங்க வகைப்பாட்டில் பொம்மைகளும் அளவு குறைத்த மாடல்களும் 9503 என்ற தலைப்பில் வருகின்றன. 9706 என்பது தொல்பொருட்களுக்கானது, அதற்கு 100 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். எனக்கு விற்றவர் 1950களின் என்ஜினுக்கு நல்லெண்ணத்தோடு "தொல்பொருள்" என்று எழுதிவிட்டார். வயதுக்கு ஆதாரம் கேட்டுப் பார்சல் ஐந்து வாரம் நின்றது. "பழைய மின்சாரப் பொம்மை ரயில், பயன்படுத்தியது" என்று தயாரிப்பு வருடத்தோடு எழுதினால் போதும்.

"அன்பளிப்பு" என்று எழுதவோ மதிப்பைக் குறைக்கவோ சம்மதிக்காதீர்கள். அது பொய் அறிவிப்பு. தவிர, பொருள் உடைந்தால் காப்பீடு அந்தக் குறைத்த தொகைக்குத்தான் கிடைக்கும். வரியைப் பல நாடுகளில் பொருளின் விலையோடு தபாலையும் காப்பீட்டையும் கூட்டித்தான் போடுகிறார்கள் என்பதால் கணக்குப் போடும்போது மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே பேட்டரி இருந்தால் கழற்றிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கட்டும் விதத்தையும் சொல்லிவிடுங்கள். என்ஜினும் அதன் நிலக்கரிப் பெட்டியும் தனித்தனியாகச் சுற்றப்பட வேண்டும், ஒன்றோடொன்று உரசக் கூடாது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் சின்னப் பெட்டி, நடுவே எல்லாப் பக்கமும் நாலு விரல் இடைவெளி நிரப்பப்பட்டு. இதற்கு அவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

5. வந்த அன்று

பிரிப்பதைக் காணொளி எடுங்கள், பெட்டியின் ஆறு பக்கத்தையும் சேர்த்து. திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதை நாட்காட்டியில் குறியுங்கள். உடைந்திருந்தால் கட்டிவந்த பொருளைத் தூக்கிப் போடாதீர்கள், காப்பீட்டுக்காரர் அதைப் பார்க்கக் கேட்பார்.

பழைய ஸ்பாஞ்சில் வைத்து வந்திருந்தால் உடனே வெளியே எடுங்கள். பித்தளை மாடல்களோடு வந்த அந்தக்கால ஸ்பாஞ்ச் காலப்போக்கில் பிசுபிசுப்பாகி மேல்பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

மின்சாரம் இன்னும் கொடுக்கக் கூடாது. ஆசை வரும். பொறுங்கள்.

6. மின்வழங்கி

பழைய என்ஜினோடு பழைய டிரான்ஸ்ஃபார்மரும் வந்திருந்தால் முதலில் அதன் வயரை வளைத்துப் பாருங்கள். ரப்பர் விரிசல் விட்டாலோ உதிர்ந்தாலோ அதைச் சுவரில் செருகவே கூடாது. வயர் மாற்றுவதை மின் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். வீட்டு மின்சாரம் பாயும் பகுதி அது. 1920களின் சில ஐரோப்பிய செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு பல்பு வழியாக வீட்டு மின்சாரத்தையே தண்டவாளத்துக்கு விட்டார்கள். தொட்டால் உயிர் போகும். அப்படி ஒரு செட் கிடைத்தால் அலமாரியில் வையுங்கள், ஓட்டாதீர்கள்.

120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் நாட்டு டிரான்ஸ்ஃபார்மரை 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஓட்ட, நடுவே மின்னழுத்தத்தைக் குறைக்கும் பெட்டி வைத்தால் போதும் என்று நினைத்தேன். வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. குறைந்த ஹெர்ட்ஸில் அந்த இரும்பு மையம் நிறைந்து அதிகம் சூடாகும். என்னுடையது கால் மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போனது. உங்கள் நாட்டு மின்சாரத்துக்கென்றே செய்த, 18 வோல்ட் வரை ஏசி தரும் புது மின்வழங்கி ஒன்று வாங்குவதுதான் கடைசியில் மலிவு. அதில் ஷார்ட் ஆனால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பும் இருக்கும். பழையவற்றின் துண்டிப்பான் மெதுவாக வேலை செய்யும், அதற்குள் என்ஜினுக்குள் ஒரு வயர் கருகிவிடும்.

மார்க்லின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதன் ஏசி என்ஜின்கள் சுமார் 24 வோல்ட் அதிர்வு ஒன்றைக் கொடுத்தால் திசை மாறும். 220 வோல்ட்டுக்குச் செய்த பழைய நீல டிரான்ஸ்ஃபார்மரை இன்றைய 230இல் செருகினால் அந்த அதிர்வு இன்னும் உயரும். பழைய இயந்திரத் திசைமாற்றி தாங்கிவிடும், டிஜிட்டல் டீகோடர் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுச் சுற்று) வைத்த என்ஜின் தாங்காது.

7. சுத்தம், எண்ணெய்

வெளித்தோற்றத்தில் கை வைக்குமுன் யோசியுங்கள். மறுபடி பெயின்ட் அடித்தால் மதிப்பு சரியும், அசல் எழுத்துகள் திரும்ப வராது. அச்சடித்த தகர மாடலை வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டுப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், உடனே துடைத்துவிடுங்கள். தகர மடிப்புக்குள் நீர் நின்றால் துரு. ஆல்கஹால் படவே கூடாது. எண்களும் எழுத்துகளும் கரைந்து போகும், சில ரப்பர் முத்திரை எண்கள் கட்டைவிரல் தேய்த்தாலே போய்விடும். பிளாஸ்டிக் உடலுக்கு தின்னர், அசிட்டோன் கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உரசித் தூளாக்காதீர்கள், வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். தகரக் காதுகளை மடக்கிக் கழற்றும் மாடல் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு ஆயுள் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் தாங்காது.

மோட்டார்தான் உண்மையான வேலை. பெரும்பாலான "ஓடாத" என்ஜின்கள் கெட்டுப்போனவை அல்ல, உள்ளே கிரீஸ் அரக்கு மாதிரி இறுகிவிட்டது, அவ்வளவுதான். கழற்றும் ஒவ்வொரு படியையும் படம் எடுங்கள், திருகுகளை வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள். டிசி மோட்டாரில் காந்தத்திலிருந்து ஆர்மேச்சரை (சுழலும் கம்பிச்சுற்றுப் பகுதியை) உருவினால் அந்த இடைவெளியை உடனே ஒரு இரும்புத் துண்டால் இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய குதிரைலாடக் காந்தங்கள் வலுவை இழக்கும். முடிந்தவரை உருவாமலே வேலையை முடியுங்கள்.

இறுகிய கிரீஸை மினரல் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைப்பான் வகை) நனைத்த பிரஷால் எடுக்கலாம், ஜன்னலைத் திறந்துவைத்து. கம்யூட்டேட்டரின் (ஆர்மேச்சரோடு சுழலும், கார்பன் பிரஷ் தொடும் செம்புப் பகுதி) முகத்தைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, நடுவே உள்ள பள்ளங்களைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். அந்தப் பள்ளத்தில் கார்பன் தூள் அடைத்திருந்தால் மோட்டார் இழுக்காது, சூடாகும். கார்பன் பிரஷ் இரண்டும் ஒரே நீளத்தில், முகம் வழவழப்பாக, ஸ்பிரிங்கில் தாராளமாக நகர வேண்டும். சக்கரங்களையும் நடுத் தண்டவாளத்தைத் தொடும் உருளையையும் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். உருளையில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். விலை குறைவு, பலன் பெரிது.

இரும்பு நாரை எதற்கும் எடுக்காதீர்கள், துருப்பிடித்த தண்டவாளத்துக்குக் கூட. உதிரும் இழைகளை என்ஜினின் காந்தம் இழுத்து உள்ளே கொண்டுபோய் ஷார்ட் செய்யும்.

எண்ணெய் விஷயத்தில் எல்லாரும் அள்ளி ஊற்றுகிறார்கள். அச்சுத் தாங்கிகளுக்கு ஊசி முனையில் ஒரு துளி லேசான எண்ணெய், பல்சக்கரங்களுக்கு ஒரு பொட்டு கிரீஸ். கம்யூட்டேட்டருக்கு ஒன்றுமே வேண்டாம். துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயை அடித்துவிட்டு ஓட்டுவது உயவு ஆகாது. அது சீக்கிரம் காய்ந்து பிசினாகும், சில பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. இவற்றுக்கு இரண்டு சாயங்காலம் ஒதுக்குங்கள், ஒரே இரவில் முடிக்கப் பார்க்க வேண்டாம்.

8. முதல் ஓட்டம்

மல்டிமீட்டரில் முதலில் தண்டவாளத்துக்கு வரும் வோல்ட்டைப் பாருங்கள். பெட்டிகள் இல்லாமல் என்ஜினை மட்டும் வையுங்கள். மெதுவாகக் கூட்டுங்கள். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கொஞ்சம் வெதுவெதுப்பு சரி. கருகல் வாசம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆரம்பத்தில் சிறு தீப்பொறிகள் சாதாரணம், சுற்றிலும் வளையமாகப் பொறி பறந்தால் பிரஷைத் திரும்பப் பாருங்கள். ஐந்தைந்து நிமிடமாக இரண்டு திசையிலும் அரைமணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும்.

லயனல் வாங்கியவர்கள் பயப்படும் ஒரு காட்சி உண்டு: விளக்கு எரிகிறது, சக்கரம் மட்டும் அசைவதில்லை. மோட்டார் போய்விட்டது என்று கழற்றத் தொடங்குவார்கள். பல என்ஜின்களில் திசைமாற்றி முன், நடுநிலை, பின், நடுநிலை என்று மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் ஒரு படி நகரும். அதைப் பூட்டிவைக்க என்ஜினில் ஒரு சிறு நெம்புகோலும் இருக்கும். யாரோ நடுநிலையில் பூட்டிவிட்டிருப்பார்கள். நெம்புகோலைத் தள்ளி, மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திக் கொடுங்கள்.

9. குறிப்பேடு

ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு பக்கம்: மாடல் எண், வாங்கிய தேதி, மொத்தச் செலவு, மாற்றிய பாகம், எண்ணெய் போட்ட நாள். பற்றுச்சீட்டையும் சுங்க ரசீதையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். பின்னால் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். கழற்றிய அசல் பாகம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பெயர் எழுதிய உறையில் போட்டு அட்டைப்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பெட்டியை ஈரமில்லாத இடத்தில், பரணில் அல்லாமல், வீட்டில் ஆட்கள் புழங்கும் அறையின் அலமாரியில் வைப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், கிரீஸ் மறுபடி இறுகாமல் இருக்கும்.